1943-லேயே செயற்கைச் சிறுநீரகம் வந்துவிட்டது, அப்புறம் ஏன் 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது?

பதிவு 1 | பொன்னேரிக்காரன்

அம்மாவுக்கு இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது இந்த எந்திரம் எப்படி வந்தது என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததில் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தத் திரி.

1938-ல் நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரத்து மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவரின் கவனிப்பில் 22 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். விவசாயி வீட்டுப் பிள்ளை. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, பார்வை மங்கி, வாந்தி எடுத்து எடுத்தே இறந்துபோனான். பிள்ளை பிழைக்க மாட்டான் என்று அவன் தாயிடம் சொல்லும் வேலை கோல்ஃபுக்கு வந்தது. தினமும் 20 கிராம் யூரியா என்ற கழிவை ரத்தத்திலிருந்து எடுக்க வழி இருந்திருந்தால் இவன் இருந்திருப்பானே என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்தது அங்கேதான்.

1940 மே மாதம் ஜெர்மானியப் படை உள்ளே வந்தது. கோல்ஃபின் பேராசிரியர் பொலாக் டேனியல்ஸ் யூதர். அவரும் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த நாற்காலியில் நாஜி ஆதரவாளர் ஒருவரை உட்கார வைத்தார்கள். அவருக்குக் கீழே வேலை செய்ய மனமில்லாமல் கோல்ஃப் 1941-ல் காம்பன் என்ற சிற்றூரின் மருத்துவமனைக்குப் போய்விட்டார். அந்த ஊரில் எனாமல் பாத்திர ஆலை நடத்திய ஹென்ட்ரிக் பெர்க் தொட்டி செய்து கொடுத்தார். மரச் சட்டங்களால் ஒரு பெரிய உருளை. ராட்டையில் நூல் சுற்றுவது போல அதன்மேல் செலஃபேன் குழாய். பன்றி இறைச்சித் தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட அதே குழாய்தான்! உருளையின் அடிப்பாகம் சுமார் 100 லிட்டர் உப்புநீரில் மூழ்கியிருக்கும். உருளை சுற்றச் சுற்ற ரத்தம் அதன் எடையாலேயே குழாயின் அடிப்பக்கமாக நகர்ந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும். சுற்றும் உருளைக்கும் அசையாத குழாய்க்கும் நடுவே கசியாத இணைப்பு வேண்டும். அதற்கு ஃபோர்டு காரின் தண்ணீர் பம்ப்பில் உள்ள இணைப்பைப் பார்த்துச் செய்தார்கள்.

1943 மார்ச் 17. முதல் நோயாளி 29 வயதுப் பெண், வீட்டு வேலை செய்தவர். 12 தடவை சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு தடவையும் தெளிந்தார். கடைசியில் ஊசி போட ரத்தக்குழாயே மிச்சமில்லை. நிறுத்தினார்கள், இறந்துபோனார்.

என் கேள்வி இதுதான். எந்திரம் வேலை செய்தது. பிறகு ஏன் நிரந்தரமாகச் சிறுநீரகம் போனவர்களுக்கு 1960 வரை இது கிடைக்கவில்லை?

பதிவு 2 | வேதியியல் வாத்தியார்

நல்ல கேள்வி, தம்பி. நான் பள்ளியில் 31 வருடம் வேதியியல் நடத்தியவன். என் பாடத்திலிருந்து வந்த கதை இது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் என்ற சொல்லையே 1861-ல் வைத்தவர் தாமஸ் கிரகாம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். பறைக்குத் தோல் இழுத்துக் கட்டுவது போல ஒரு வளையத்தில் பதப்படுத்திய காகிதத்தோலை இழுத்துக் கட்டி, அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு உள்ளே கரைசலை ஊற்றினார். உப்பு, சர்க்கரை, யூரியா மாதிரிச் சின்ன மூலக்கூறுகள் தோலைத் தாண்டி வெளியே போய்விடும். பசை, புரதம் மாதிரிப் பெரியவை உள்ளேயே தங்கும். சிறுநீரை ஊற்றியும் பார்த்தார், யூரியா வெளியே வந்தது. உங்கள் அம்மாவுக்கு இன்றைக்கு நடப்பதும் அடிப்படையில் அதேதான்.

1913-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான் ஏபல், ரௌன்ட்ரீ, டர்னர் மூவரும் உயிருள்ள நாயின் ரத்தத்தை உடம்புக்கு வெளியே கொலோடியன் என்ற மெல்லிய சவ்வாலான குழாய்கள் வழியே ஓடவிட்டுத் திரும்பச் செலுத்தினார்கள். ரத்தம் வெளியே வந்தால் உறையும் அல்லவா? உறையாமல் இருக்க அட்டைப்பூச்சியின் தலையிலிருந்து எடுத்த ஹிருடினைச் சேர்த்தார்கள். அட்டைகள் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். முதல் உலகப் போர் வந்ததும் அந்த வரத்து நின்றது.

மனிதருக்கு முதலில் செய்தவர் கோல்ஃப் அல்ல. ஜெர்மனியின் கீசன் நகரத்தில் கியோர்க் ஹாஸ் 1924-ல் செய்தார், 15 நிமிடம். இவரை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். ஹிருடினால் நோயாளிக்குக் காய்ச்சலும் ஒவ்வாமையும் வந்தன. கொலோடியன் குழாயை அவரே தயார் செய்ய வேண்டும், அது தொட்டால் உடையும். 1928-ல் ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான ஹெபாரின் கிடைத்ததும் அதை வைத்தும் செய்தார். ஆனால் அந்தக் காலத்து ஜெர்மன் மருத்துவப் பெரியவர்கள் ஆதரவு தரவில்லை. தனி ஆளாக நின்று களைத்து விட்டுவிட்டார்.

இரண்டு பொருட்கள் வந்துதான் நிலைமை மாறியது. ஒன்று ஹெபாரின். இன்னொன்று, மிட்டாய் சுற்றப் பயன்பட்ட செலஃபேன். எல்லா இடத்திலும் ஒரே சீரான மெல்லிய சுவர், மலிவு, மீட்டர் கணக்கில் கிடைக்கும். கிரோனிங்கனில் பிரிங்க்மன் என்ற உயிர்வேதியியலாளர்தான் அதைக் கோல்ஃபுக்குக் காட்டிக்கொடுத்தார். கோல்ஃப் ஒரு துண்டுக் குழாயில் கொஞ்சம் ரத்தம் ஊற்றி, யூரியா கலந்து, உப்புநீரில் ஆட்டிப் பார்த்தார். யூரியா வெளியேறிவிட்டது. மீதி எல்லாம் எத்தனை மீட்டர் குழாய் வேண்டும் என்ற கணக்குதான்.

பதிவு 3 | கேள்விக்குறி

எல்லோரும் கோல்ஃபைத் தூக்கிப் பிடிப்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1943-லிருந்து 1945 வரை அவர் சிகிச்சை செய்த முதல் 16 பேரில் ஏறத்தாழ எல்லோருமே இறந்தார்கள். பிழைத்த ஒரே ஒருவரும் எந்திரத்தால்தான் பிழைத்தார் என்று சொல்ல முடியாது. போர்க்காலம், கேட்க ஆள் இல்லை, சின்ன ஊர். இன்றைக்கு ஒரு மருத்துவர் இப்படிச் செய்தால் நாம் என்ன சொல்வோம்? சாகப் போகிறவர்தானே என்று யார் மேலும் எதையும் செய்துபார்க்கலாமா?

பதிவு 4 | இரவுப்பணி

நான் டயாலிசிஸ் டெக்னீசியன், 12 வருட அனுபவம். கேள்விக்குறி நண்பரின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கோல்ஃப் எடுத்துக்கொண்ட நோயாளிகள் எந்த நிலையில் வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். யூரியா ஏறி நினைவு தப்பியவர்கள். மூச்சிலேயே சிறுநீர் வாடை வரும். அந்த நிலைக்கு அப்போது வேறு மருந்து கிடையாது. தோல்விகளை அவர் மறைக்கவும் இல்லை. ஒவ்வொன்றையும் எழுதி வைத்து 1946-ல் அதையே தன் முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார்.

பொன்னேரிக்காரன் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் முதல் பதிவிலேயே பதில் இருக்கிறது. "ரத்தக்குழாயே மிச்சமில்லை." எங்கள் யூனிட்டில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்வது, எந்திரம் கெட்டால் வேறு எந்திரம் இருக்கிறது, நோயாளியின் கை கெட்டால் வேறு கை வாங்க முடியாது என்பதுதான்.

அந்தக் காலத்து முறை இது: தோலைக் கீறி, தமனியை வெளியே எடுத்து, அதில் கண்ணாடிக் குழாயைச் செருகுவார்கள். ரத்தம் திரும்பிப் போக ஒரு சிரையையும் அதேபோல் திறப்பார்கள். சிகிச்சை முடிந்ததும் இரண்டையும் கட்டிவிட வேண்டும். அந்தத் தமனியும் அந்தச் சிரையும் அதோடு போச்சு. மனித உடம்பில் இப்படிப் பயன்படுத்த எத்தனை இடம் இருக்கும்? இரண்டு மணிக்கட்டு, இரண்டு கணுக்கால், முழங்கை மடிப்பு, தொடை இடுக்கு. ஒரு டஜன் தடவைக்கு மேல் போகாது. அந்த 29 வயதுப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். சிகிச்சை நின்றதற்குக் காரணம் உள்ளே நுழையும் வாசல் தீர்ந்துபோனது, எந்திரம் அல்ல.

அதனால் அந்த எந்திரம் தற்காலிகமாகச் சிறுநீரகம் நின்றவர்களுக்கு மட்டும் உதவியது. விபத்து, விஷம், பிரசவத்தில் ரத்தப்போக்கு, தவறான ரத்தம் ஏற்றியது என்று வருகிறவர்கள். ஒன்றிரண்டு வாரம் தாங்கிக்கொடுத்தால் சிறுநீரகம் தானே திரும்பிவிடும்.

பதிவு 5 | பொன்னேரிக்காரன்

நன்றி அண்ணா. இதை யாரும் எனக்கு இப்படி விளக்கவில்லை. அம்மாவின் கையை நர்ஸ்கள் ஏன் அப்படிப் பொத்திப் பொத்திப் பார்க்கிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

நீங்கள் சொன்ன தற்காலிக வகைக்கு 1945-ல் நடந்ததே சாட்சி. செப்டம்பர் 11 அன்று 67 வயதுப் பெண் ஒருவரைக் கோல்ஃபிடம் கொண்டுவந்தார்கள். பித்தப்பை அழற்சி, அதோடு சல்ஃபா மருந்து சாப்பிட்டுச் சிறுநீரகம் நின்றுவிட்டது. நாஜிகளோடு சேர்ந்தவர் என்று சிறையில் வைத்திருந்தார்கள். ஊரில் பலருக்கு அவர் செத்தால் போதும். கோல்ஃபே நாஜிகளை ஏற்காமல் பதவியை விட்டு வந்தவர்தான். ஆனாலும் பதினொன்றரை மணி நேரம் எந்திரத்தில் வைத்தார். அந்தம்மா கண் திறந்தார். சிறுநீரகம் மீண்டும் வேலை செய்தது. பல வருடம் வாழ்ந்தார்.

எந்திரத்தால் பிழைத்தார் என்று ஐயமில்லாமல் சொல்லக்கூடிய முதல் மனிதர், ஊரே வெறுத்த ஒருவர். நான் இதைப் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன்.

பதிவு 6 | ரொறன்ரோ வாசி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து முப்பது வருடமாக ரொறன்ரோவில் இருக்கிறேன். இந்த நகரத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஹெபாரினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து நோயாளிக்குப் போடக்கூடிய மருந்தாக்கியதில் இங்கே சார்ல்ஸ் பெஸ்ற் குழுவினரின் வேலை பெரியது. இன்சுலினோடு பேசப்படும் அதே பெஸ்ற்தான். ரொறன்ரோவிலேயே கோர்டன் மறே என்ற சத்திரசிகிச்சை நிபுணர், கோல்ஃபைச் சாராமல் தானே ஒரு சுருள் வடிவ எந்திரம் செய்து 1946-ல் நோயாளிக்குப் பயன்படுத்தினார். அதே வருடம் சுவீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் ஆல்வால் இன்னொன்று செய்தார். அவருடையதில் அழுத்த வித்தியாசத்தால் உடம்பில் தேங்கிய நீரையும் வெளியேற்றலாம்.

கோல்ஃப் செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். போருக்கு நடுவே பல எந்திரங்களைக் கட்டிக் குண்டுவீச்சுக்குத் தப்பும்படி வெவ்வேறு இடங்களில் வைத்திருந்தார். போர் முடிந்ததும் லண்டன், நியூயோர்க், மொன்றியல், போலந்து என்று இலவசமாக அனுப்பிவிட்டார். காப்புரிமை எடுக்கவில்லை.

ஆனால் லண்டன் ஹாமர்ஸ்மித் வைத்தியசாலையில் நடந்ததைக் கேளுங்கள். அந்த எந்திரத்தைக் கொஞ்சக் காலம் பயன்படுத்திவிட்டு நிறுத்திவிட்டார்கள். புரதம் இல்லாத உணவும் அளந்து கொடுக்கும் நீரும் போதும், சிறுநீரகம் தானாகத் திரும்பும், எந்திரம் ஆபத்து என்பது அங்கே கிரகாம் புல் அவர்களின் வழி. பிரித்தானியாவில் மறுபடி டயாலிசிஸ் தொடங்கியது 1956-ல் லீட்ஸ் நகரில். எனவே இரவுப்பணி தம்பி சொல்லும் ரத்தக்குழாய்ப் பிரச்சினை மட்டும் காரணம் இல்லை. வைத்தியர்களுக்கு நம்பிக்கை வரவில்லை, அதுவும் காரணம்.

பதிவு 7 | கேள்விக்குறி

ரொறன்ரோ ஐயா சொல்வதோடு உடன்படுகிறேன். அந்த நம்பிக்கை எப்போது வந்தது என்று தேடினால் கொரியப் போருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கோல்ஃபின் எந்திரத்தை பாஸ்டனில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனைக்காரர்கள் துருப்பிடிக்காத எஃகில் திருத்திக் கட்டினார்கள். கார்ல் வால்டர், ஜான் மெர்ரில் ஆகியோரின் வேலை. அதில் ஒன்று 1952-ல் கொரியாவின் வோன்ஜு நகரத்து ராணுவ மருத்துவமனைக்குப் போனது. காயம்பட்டுச் சிறுநீரகம் நின்ற சிப்பாய்களில் அதுவரை பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். எந்திரம் வந்தபின் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதன்பிறகு உணவே போதும் என்று வாதிடுவது கடினமாகிவிட்டது.

முதல் 16 பேர் பற்றிய என் சங்கடம் அப்படியே இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் நாஜி ஆதரவுப் பெண்ணைப் பற்றிப் பொன்னேரிக்காரன் எழுதியதைப் படித்தபின், அந்த மனிதர் நோயாளிகளை எப்படிப் பார்த்தார் என்பதில் எனக்கு இருந்த சந்தேகம் போய்விட்டது.

பதிவு 8 | இரவுப்பணி

இப்போது 1960-க்கு வருவோம். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி.

முதலில் ஆல்வால். இவர் 1940-களின் கடைசியில் முயல்களின் தமனியையும் சிரையையும் கண்ணாடிக் குழாயால் இணைத்து, சிகிச்சை இல்லாத நேரத்திலும் ரத்தம் அதன் வழியே ஓடும்படி விட்டுப்பார்த்தார். ஓட்டம் நிற்காவிட்டால் உறையாது என்பதுதான் யோசனை. யோசனை சரி. ஆனால் மனிதரிடம் கண்ணாடி தாக்குப்பிடிக்கவில்லை.

1960-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி நினைவில்லாமல் வந்தார். தற்காலிகப் பிரச்சினை என்று நினைத்து டயாலிசிஸ் செய்தார்கள். தெளிந்து எழுந்து பேசினார். அப்புறம்தான் தெரிந்தது, சிறுநீரகம் நிரந்தரமாகப் போய்விட்டது என்று. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் மனிதரை, இனி எங்களால் முடியாது என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. இறந்துபோனார். ஸ்க்ரிப்னரால் அதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு விழித்தெழுந்தபோது அவருக்கு யோசனை வந்தது. முன்கையில் ஒரு குழாய் தமனியில், ஒரு குழாய் சிரையில், இரண்டும் தோலுக்கு வெளியே வந்து நிற்கும். சிகிச்சை நேரத்தில் எந்திரத்தோடு மாட்டலாம். மற்ற நேரத்தில் இரண்டையும் ஒரு வளைவுக் குழாயால் இணைத்துவிடலாம், ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்.

என்ன பொருளில் செய்வது? டெஃப்லான் அப்போதுதான் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அதில் எதுவும் ஒட்டாது, ரத்தமும் உறைவது குறைவு. மருத்துவமனையின் கருவிப் பட்டறையில் இருந்த வேய்ன் குவின்டன் டெஃப்லான் குழாயைச் சூடாக்கி வளைத்துக் கொடுத்தார். 1960 மார்ச் 9-ல் முதல் நோயாளிக்குப் போட்டார்கள். போயிங் ஆலையில் இயந்திரத் தொழிலாளி, 39 வயது. அவர் அதற்குப்பின் 11 வருடம் வாழ்ந்தார்.

17 வருடம் எந்திரம் காத்துக்கொண்டிருந்தது, பொன்னேரித் தம்பி. கையளவுகூட இல்லாத ஒரு வளைந்த குழாய் வந்ததும் அதுவரை முடியாது என்றிருந்தது முடிந்தது.

பதிவு 9 | வைகைக்கரை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்கு அடுத்தது என்ன நடந்தது என்று யாரும் எழுதவில்லையே, அதனால் எழுதுகிறேன். என் அண்ணன் ஏழு வருடம் டயாலிசிஸில் இருந்து போன மாசிதான் காலமானார். எனக்கு இது வெறும் வரலாறு இல்லை.

வழி கிடைத்ததும் சியாட்டிலில் 1962 ஜனவரியில் ஒரு மையம் திறந்தார்கள். வெறும் சில படுக்கைகள். செலவோ ஒரு ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். நோயாளிகளோ வரிசையில். மருத்துவர்கள் முதலில் உடல்நிலையைப் பார்த்துச் சலித்துவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களில் யார் என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். பெயர் வெளியே சொல்லாமல், சம்பளம் இல்லாமல். வயது, கல்யாணமானவரா, பிள்ளைகள் எத்தனை, வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, கோயிலுக்குப் போவாரா, இவர் போனால் குடும்பம் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். 1962 நவம்பரில் லைஃப் பத்திரிகையில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியபின் நாடே கொதித்தது.

அந்த ஏழு பேரைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரோ ஒருவர் தீர்மானிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் கல்யாணமாகாதவர், வேலை இல்லாதவர், சபைக்குப் போகாதவர் உயிருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிலையான வேலையும் இல்லை. அந்த மேசைக்கு முன்னால் அவர் தாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பதிவு 10 | கேள்விக்குறி

அம்மா, உங்கள் அண்ணனுக்கு என் அஞ்சலி. உங்கள் பதிவைப் படித்தபின் வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சியாட்டில் குழுவைப் பற்றிய சண்டைதான் கடைசியில் 1972-ல் அமெரிக்க அரசே சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸ் செலவை மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு மூலம் ஏற்கும் சட்டத்துக்கு வழி திறந்தவற்றில் ஒன்று.

பதிவு 11 | வேதியியல் வாத்தியார்

அந்தக் குழு மறுத்தவர்களில் 16 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தியும் உண்டு. ஆல்பர்ட் பாப் என்ற வேதிப் பொறியியல் பேராசிரியருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். அவர் தன் குழுவோடு இரவும் பகலும் உழைத்து, கரைசலைத் தானே சரியான விகிதத்தில் கலந்துகொள்ளும் ஒரு சின்ன எந்திரத்தை 1964-ல் சில மாதங்களிலேயே செய்து முடித்தார். அது அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனது. குழுவின் அனுமதியே தேவைப்படவில்லை. அவள் படிப்பைத் தொடர்ந்தாள். நான்கு வருடம் கழித்து நோயால் இறந்தாலும், இன்றைய எந்திரங்கள் கரைசலைக் கலக்கும் முறைக்கு அதுதான் முன்னோடி. ஒரு வேதியியல் ஆசிரியனாக இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

பதிவு 12 | பொன்னேரிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வைகைக்கரை அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். உங்கள் அண்ணன் பெயரைக் கேட்டார்கள், சாமி கும்பிடும்போது சேர்த்துக்கொள்ள. விருப்பம் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

இரவுப்பணி அண்ணா, கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு வெளியே குழாய் எதுவும் இல்லையே. முன்கையில் ஒரு தழும்பும் புடைத்த நரம்பும்தான். அது எப்போது வந்தது?

பதிவு 13 | இரவுப்பணி

அதுதான் ஃபிஸ்டுலா. ஸ்க்ரிப்னர் குழாய் தோலுக்கு வெளியே நிற்பதால் சீழ் பிடிக்கும், அடைக்கும், கழன்றால் ரத்தம் கொட்டும். நியூயார்க் பிராங்ஸில் சிமினோ, பிரெஸ்சியா என்ற இரண்டு மருத்துவர்களும் அப்பெல் என்ற அறுவை மருத்துவரும் குழாயே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மணிக்கட்டருகே தமனியை நேரே சிரையோடு சேர்த்துத் தைத்தார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் வந்ததும் சில வாரங்களில் அது பருத்துச் சுவர் தடித்துவிடும். அதில் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடலாம். 1966-ல் வெளியிட்டார்கள். இன்றுவரை இதைவிட நல்லது வரவில்லை.

காலையும் இரவும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு அதிர்வு தெரிய வேண்டும், தேனீ ரீங்கரிப்பது போல. அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், ரத்தம் எடுக்க விடாதீர்கள். இறுக்கமான வளையல் வேண்டாம். அந்தப் பக்கம் கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்க வேண்டாம். அதிர்வு நின்றுவிட்டது போலத் தெரிந்தால் நேரம் பார்க்காமல், நடுராத்திரி ஆனாலும், உடனே கிளம்பிப் போங்கள்.